ஐயமிருந்தால் எண்ணாதே

சாட்ஸ்வொர்த்தில் போன மின்சாரம்
எட்டு மணிக்கு வந்தது.
மோடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும்
அண்டார்டிகா என் சமையல் மேசையில் விரிந்தது,
பருப்புச் சட்டிக்கும் தண்ணீர் ரசீதுக்கும் நடுவே.

வேலை இதுதான்:
விண்ணிலிருந்து எடுத்த படம், கட்டம் கட்டமாக.
வெள்ளையில் கறுப்பாக நாலு புள்ளி சேர்ந்து
நெல்மணிபோலக் கிடந்தால் கடல்நாய்.
நீண்டு கிடந்தால் பிளவின் நிழல்.
குட்டிகள் தெரியாது;
தாயின் ஓரத்தில் ஒரு கலங்கல், அவ்வளவுதான்.
கட்டத்துக்கு இத்தனை சென்ட் என்று கூலி.
விதிகளில் ஏழாவது: ஐயமிருந்தால் எண்ணாதே.

முந்தின நவம்பரில், 4117-ஆம் கட்டத்தில்
முப்பத்தொன்று எண்ணினேன்.
இந்த நவம்பரில் அதே கட்டம்
அடிப்பிடித்த சட்டிபோலக் கறுத்திருந்தது. கடல்.
‘பனி இல்லை’ என்றொரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
கூலி அதற்கும் அதே கூலி.

பனிமேல் ஈன்று பனிமேல் பால் கொடுக்கிற உயிர்.
பாளம் ஒரு வாரம் முன்னால் உடைந்தால்
நீந்தக் கற்காத குட்டி என்ன செய்யும்?
விதிப்பட்டியலை இரண்டுமுறை படித்தேன்.

அகராதியில் பனி என்று தேடினேன் அன்றிரவு.
குளிர், நடுக்கம், துளி, மூடல்;
கண் பனித்தல் என்றும் இருந்தது.
முன்பனி, பின்பனி என்று
ஆண்டில் இரண்டு காலத்தை அதற்கே கொடுத்தவர்கள்
பனியே வராமற்போகும் காலத்துக்கு
ஒரு பெயரும் எழுதிவைக்கவில்லை.

சகரென் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில்
கப்பலுக்குக் கரி ஏற்றுகிறவன்.
சனிக்கிழமை வீடு வருவான். எத்தனை குளித்தாலும்
காதுமடலுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சமிருக்கும்.
ஒருநாள் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து,
“இந்தக் கறுப்பில் எது என்னுடையது?” என்றான்.
வேடிக்கையாகத்தான் கேட்டான்.
வேடிக்கையாக ஒரு பதில் தேடினேன்,
கிடைக்கவில்லை, சோறு போட்டேன்.

பிப்ரவரியில்
இசிபிங்கோ மணலில் ஒன்று வந்து கிடந்தது.
நண்டுண்ணி என்று பெயராம். நண்டு தின்னாது;
யாரோ தப்பாகக் கூப்பிட்டு அப்படியே நின்றுவிட்டது.
வெளிறிய உடம்பு. விலாவில்
இரண்டு கோடாகப் பழைய தழும்பு.
ஆயிரக்கணக்கில் எண்ணியிருக்கிறேன்,
முகத்தைப் பார்த்ததில்லை.
நான் எப்போதும் மேலிருந்தே பார்க்கிறவள்.
மூக்குத்துளைகள் மூடின. வெகுநேரம் மூடியே இருந்தன.
பிறகு திறந்தன.

ஒருவர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார்.
ஒருவர் கடலுக்குத் தள்ளிவிடுவோம் என்றார்.
ஒரு பையன் சிப்ஸை நீட்டினான்.
உயிர்காப்புக் காவல் ஜபுலீலே கயிற்றை இழுத்துக் கட்டி
எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்:
“எட்டி நில்லுங்கள்.
இன்றைக்கு நம்மால் முடிந்த உதவி அதுதான்.”

கயிற்றின் ஒரு முனைக்குக் கம்பம் இல்லை.
சகரென் பிடித்துக்கொண்டான்.
பகல் பன்னிரண்டிலிருந்து விளக்கு வைக்கும்வரை
நாய்களை விரட்டினான், செல்பேசிகளை விரட்டினான்,
முப்பத்திநாலு டிகிரி வெயிலில்
மாடிக் கட்டடங்களையே திட்டிக்கொண்டு நின்றான்.
என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விடிந்து போனபோது
மணலில் ஒரு பள்ளம், அலைவரைக்கும் போய்,
அலையில் முடிந்திருந்தது.
ஜபுலீலே படிவம் நிரப்பினாள்.
எண்ணிக்கை: ஒன்று. புறப்பட்ட இடம்: தெரியாது.
எனக்கும் தெரியாது. 4117-இல் படுப்பது வேறு இனம்;
நன்றாகத் தெரிந்தும்
அந்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன்.

நவம்பர்ப் படங்கள் இன்னும் தீரவில்லை.
இன்று 4163. பாளம் இருக்கிறது,
ஓரம் மட்டும் பிய்ந்து.
ஒரு நெல்மணி. அதன் பக்கத்தில் ஒரு கலங்கல்.
நிழலாக இருக்கலாம். படத்தின் பிழையாக இருக்கலாம்.
எண்ணினேன். அழித்தேன்.
மறுபடி எண்ணினேன்.
கை பொத்தானில் இருக்கும்போதே
மின்சாரம் போனது.