மூணாம் செலக்‌ஷன்

அரைஞாணில் வெள்ளி இருக்கா என்று கேட்டாள்
பெர்சிஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண்.
இருந்தது. அடகுக்குப் போனது. இப்போது வெறும் கயிறு.
சரி, படுங்க. அசையாதீங்க.

பயந்தால் அமுக்கச் சொல்லி
கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள்.
ராணிப்பேட்டையில் எட்டு டிரம் ஒன்றாய் உருளும் ஷெட்டில்
சாப்பாட்டு நேரத்தில் தூங்குகிறவன் நான்.
குழாய்க்குள்ளும் தூங்கிவிட்டேன்.
காலைத் தட்டித்தான் எழுப்பினாள்.

இருபத்தாறு வருஷம், மேசைக்கு இந்தப் பக்கம்.
குரோமில் ஊறி நீலமாய் வரும் ஈரத்தோலைக்
குனிந்து அள்ளி, உதறி விரிக்கணும்.
கழுத்தில் சுருக்கம் பார். வயிற்றில் தொளதொளப்பு பார்.
பிறகு கட்டைவிரலை நடுமுதுகில் வைத்து
வாலடி வரை இழு.
மாட்டின் விலை அங்கேதான்.
உண்ணிக்கடி, முள் கீறல்,
உரித்தவன் அவசரத்தில் கத்தி வழுக்கிய இடம்
எல்லாம் முதலில் விரலுக்குத் தெரியும். கண் அப்புறம் வரும்.
ஒன்று, இரண்டு, மூன்று,
மூலையில் எண்ணைப் போட்டு வீசு.
அடுத்தது.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார்.
என் நடுமுதுகு.
ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை எதிரே.

தண்ணி இருக்கிற வட்டு வெள்ளையாய்த் தெரியுமாம்.
கீழே இரண்டு, கருவாடாய்க் கறுத்திருந்தன.
எலும்பை ஒட்டிய சதை கறுப்பாய் இருக்கணுமாம்.
அங்கே இழையிழையாய் வெள்ளை.
கொழுப்பு, என்றார்.
வேலை செய்யாத சதையில குடியேறிடும்.

வேலை செய்யாத சதையா? என் முதுகிலா?
சிரித்தேன். சிரித்ததற்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது.
தூக்குறதெல்லாம் பெரிய சதைங்க, என்றார்.
எலும்புக்கு எலும்பு பிடிச்சு நிக்கிற சின்னது ஒண்ணு உண்டு.
வலி வந்தா மொதல்ல அதுதான் வேலைய விடும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் இப்படி வெள்ளை ஓடியிருந்தால்
இன்னும் நூறு கிராம் போடச் சொல்வேன்.

இது எந்த செலக்‌ஷன் சார், என்றேன்.
அவரிடமும் ஒன்று முதல் ஐந்து வரை இருக்கிறது.
கடைசி வட்டு ஐந்து, அதற்கு மேல் நாலு.
எங்கள் மேசையில் மூன்றைத் தாண்டினால் பசை காய்ச்சத்தான்.

பாபுராவ் தெருவில், வங்காள எழுத்து போர்டுக்குக் கீழே
நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தான் தபன்.
மால்டாவாம். இரண்டு ராத்திரி ரயில், காட்பாடி வரை படுத்தே வந்தானாம்.
பெஞ்சைக் காட்டினேன். தலையை ஆட்டினான்.
அவனிடமும் அதே அளவு கவர்.
பாஷை இல்லாத இரண்டு பேர்
படங்களை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தோம்.

அவன் நடுமுதுகில் விரலை வைத்தேன்.
வட்டெல்லாம் தேங்காய்ப் பத்தை. சதை கன்னங்கரேல்.
ஒரு கீறல் கிடையாது.
கழுத்தைப் பார்க்காமலே ஒன்று போட்டிருப்பேன்.
அவனால் உட்கார முடியவில்லை.
என் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.
அவன் பெட்டியை மாடியேற்றியது நான்தான்.
டாக்டரிடம் சொல்லப்போவதில்லை.

பஸ்ஸில் வாலாஜா வரும்வரை விரலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
எத்தனை மாட்டுக்கு மூன்று போட்டிருக்கும் இது.
எத்தனைக்கு ஒன்று.
எதற்கு எங்கே வலித்தது என்று
எந்தத் தோலிலும் இல்லை.

டாக்டர் தந்த தாளில் ஒரு ஆள் நாலு காலில் நிற்கிறான்.
வலது கை முன்னால், இடது கால் பின்னால்,
முதுகு மேசை மாதிரி. பத்து எண்ணணும்.

ராத்திரி, சிமெண்டுத் தரையில் பாய் விரித்து
மாடாய் நின்றேன்.
தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
பிறகு ஒரு டம்ளர் தண்ணியை
என் நடுமுதுகில் வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஏழு வரை நின்றது.