சிவப்பு நூல்

விட்பியில் மழை. மீன்கடை அடைத்தபின்
சமையல் மேசையில் வரைபடம் விரிக்கிறாள் தெல்மா.
மூலைகளுக்கு உப்பு, மிளகு, வினிகர்,
பிரிக்காத மின்கட்டணக் கடிதம்.

கடலோரம் நூலை நெளித்து நெளித்து வைக்கிறாள்:
பாறை விளிம்பே ஒரு சாண்.
ஹெதர் மேட்டில் நூல் நேராகப் போகிறது,
வளைந்துபோக அங்கே ஒன்றுமில்லை.
மலைக்கோடுகள் நெருங்குமிடத்தில்
விரல் தானாக மெதுவாகிறது.

பல்துலக்கியின் காம்பை அறுத்தாயிற்று.
தராசில் சோப்பு; பிறகு பாதிச் சோப்பு.
ஐந்தாம் இரவுக்குத்தான் கூரையில்லை.

தொலைபேசியில் ரேஸ்ட்ரிக் பண்ணைக்காரி:
"அறை கிடையாது. ஆட்டுக்கொட்டில் இருக்கு.
நாய் பக்கத்துல படுக்கும், விரட்டாதே.
சேறு முழங்கால் மட்டும் வரும்.
ஆமா, எதுக்கு நடக்கிறே? ரயில் இருக்கே?"

தெரியலை என்றாள் தெல்மா.
"அப்ப சரி. காரணம் சொல்றவங்கதான்
பாதியில பஸ் கேக்குறாங்க."

சாப்பிட மேசை வேண்டும்.
நூலைச் சுருட்டினாள்:
மூன்று வாரம், இரண்டு கடல்,
ஒரு கைப்பிடிக்குள்.

எறிய மனமில்லை.
கடற்கரை முனையை ஊசியில் கோத்து
முதுகுப்பையின் கிழிந்த வாரைத் தைத்தாள்.
மலை வருமுன்பே தையல் முடிந்தது.
மிச்சத்தைப் பல்லால் கடித்தாள்.