நான்கு கட்டம்

பாடாங் செராயில் மணி பன்னிரண்டு.
கீழே டயர்க்கடை எப்போதோ மூடியாயிற்று.
மேல்மாடியில் நான்
இருபத்திரண்டு புள்ளி எட்டு ஆறு மில்லிமீட்டர் அகலத்தில்
ஒரு பித்தளைக் குழாயைத்
திரையில் படுக்க வைத்திருக்கிறேன்.

உள்ளே காற்று.
சுவர் ஓரம் மின்புலம் பூஜ்யம் என்று எழுதினேன்.
கணினிக்கு உலோகம் அவ்வளவுதான்:
அலுக்காமல் எழுதப்படும் ஒரு பூஜ்யம்.

அலையை இங்கே யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை.
ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்கும்,
உன்னிடம் எவ்வளவு?
அரைக் கட்டம் தள்ளி நிற்கும் காந்தப்புலம்
அரைக் கணம் பிந்திப் பதில் சொல்லும்.
லட்சம் முறை இப்படி விசாரித்து
ஏதோ ஒன்று நகர்ந்ததாக முடிவுக்கு வருவோம்.

ஆறு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ்.
கூலிம் ஆய்வறையில் சூன் ஹெங்
அதையே நிஜக் குழாயில் அனுப்பிப் பார்த்துச்
செய்தி போட்டிருந்தான்:
மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. உன்னுடையது?

என்னுடையது வந்தது.
நீலம் சிவப்பு நீலம் சிவப்பு என்று
கடைசிவரை அழகாக வந்தது.
நீ திருகாணியை ஒழுங்காக முடுக்கவில்லை என்று
அனுப்பியும் விட்டேன்.

சேவியர் ஆலையிலிருந்து வந்தான்,
சட்டையெல்லாம் செம்பனை எண்ணெய் வாடை.
சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்:
எடைமேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணுகிறது.
இன்றைக்கு ஒரு லோரிக்காரர், வீரபத்திரன்,
'நடுவுல இருக்கிற கிலோ எங்க போவுது?' என்று கேட்டு
ரசீதை வாங்காமலே நின்றாராம்.

நீ என்ன சொன்னே?

பின்னாடி லோரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டான்.

அவன் கைகழுவப் போனான்.
நான் குழாயின் குறுக்கே எண்ணினேன்.
நான்கு கட்டம்.
சீக்கிரம் முடியட்டுமென்று நானே வைத்தது.

வில்லாக வளையவேண்டிய புலத்தை
நான்கு படியில் அடைத்தால்
வாசற்படி தாழ்ந்துவிடும்.
ஆறு புள்ளி ஐந்து ஆறில் இருக்கவேண்டிய தடை
ஆறு புள்ளி மூன்று ஒன்பதில் கிடந்தது.
அந்தச் சந்தில் நுழைந்து போயிருக்கிறது
இல்லாத அலை.

நாற்பதாக்கினேன்.
கட்டத்தைச் சுருக்கியவள் காலத்தைச் சுருக்க மறந்தேன்.
இருநூறு அடிக்குள் எண்கள் வெறிபிடித்து ஏறி
பிறகு, 'எண் அல்ல' என்றன,
திரை முழுக்க, வரிசை வரிசையாக.

மூன்றாவது ஓட்டம்.
தகரக் கூரையில் மழை. மடிக்கணினி காற்றாடியின் ஓலம்.
இரண்டு விரற்கடையில் அலை மூன்றில் ஒன்று.
ஒரு சாணில் ஆயிரத்தில் ஒன்று.
எதிலும் மோதவில்லை, எங்கும் சிதறவில்லை,
உள்ளே வர இடமில்லை என்று
வந்த வழியே திரும்பியிருந்தது.

'உன் திருகாணி சரி.
என் கட்டம்தான் பெரிசு.'
ஒற்றைச் சாம்பல் குறியோடு நின்றது செய்தி.

சேவியர் தூங்கிவிட்டான்.
துவைக்கப் போட்ட சட்டைப்பையில் அந்த ரசீது:
பதினாலாயிரத்து முந்நூற்று அறுபது.
பின்பக்கம் பென்சிலில் ஒரு கழித்தல் கணக்கு,
அவன் கையெழுத்து இல்லை,
பாதியில் நிற்கிறது.