இதர

கொம்பனித்தெரு ஸ்டேஷனில் இறங்கி
பேரை வாவியோரம் பத்து நிமிட நடை.
எந்தக் கொம்பனியின் தெரு என்று
ஒன்பது வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

எங்களுக்கு எட்டரை, ஹனோயில் பத்து.
திரையில் ஹுயென், புதுக் கொப்பியுடன்.
தலைமையகம் அனுப்பிய எக்செல் தாளில்
வேலை, படி, பொறுப்பு, எடுக்கும் நேரம்,
ஓரத்தில் ஒடுங்கிப்போய் ஒரு நிரல்: இதர.

படிகள் மூன்று நாளில் முடிந்துவிட்டன.
மூன்றாவது வாரமாக
இதரவில் நிற்கிறோம்.

சிட்டகொங் லொறிக்காரரின் ரசீதில்
ஆறும் எட்டும் ஒரே மாதிரி இருக்கும்,
கூட்டிப் பார்த்துத்தான் எது எதுவென்று தெரியும்.
லாகூர் இக்ராமுல்லா
வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் போன் எடுக்கமாட்டார்.
பிழை நாற்பது என்று வந்தால் அது பிழையே இல்லை,
எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
மறுபடி அழுத்து.
மாதக் கடைசியில் பிராங்பர்ட் ஏசும்.
உன்னை அல்ல.

"அந்தக் கடைசி வரியை எங்கே போட?"
என்கிறாள் ஹுயென்.

எனக்கு இதையெல்லாம் தந்தவர் பிரெண்டன்,
கோர்க் நகரத்தில் இருந்து.
அவருக்கு அப்போது பதினெட்டு வருட சேவை.
பாடத்தின் நடுவே "ஒரு நிமிடம்" என்று
ஒலியை அணைத்துவிடுவார்,
ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் திரும்புவார்.
சிகரெட் என்று நினைத்தேன்.
முடிவில் வந்த படிவத்தில்
பயிற்றுநரின் கவனம்: ஐந்துக்கு இரண்டு
என்று போட்டேன்.
எனக்கு இருபத்து நாலு வயது,
முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வோஷிங் மெஷின்.
அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று
அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

பக்கத்து மேசை தினித்தி
டோஹாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள்,
புதுப் படத்தில் கோட் போட்டிருக்கிறாள்.
லிஃப்ட் அட்டை முப்பதாம் திகதி வரை வேலை செய்யுமாம்.

"ஒரு நிமிடம்" என்றேன் ஹுயெனிடம்.
ஒலியை அணைத்தேன்.
கண்ணாடிக்கு வெளியே
கூழைக்கடா ஒன்று விளக்குக் கம்பத்தில் இறங்கி
நிற்க வராமல் இரண்டு தரம் தடுமாறி
நின்றது.

திரும்பி வந்தபோது அவள் போய்விடவில்லை.
தாளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:
"பிழை நாற்பதுக்குத் தேத்தண்ணிதான் வேண்டுமா?
இங்கே நாங்கள் கோப்பி."

அது பிரெண்டனின் தேத்தண்ணி.
சிலோன்காரிக்கு அயர்லாந்து சொல்லித்தந்தது.

கோப்பியும் சரி என்றேன்.
அழித்து எழுதினாள்.
மூலையில் பச்சையாய் ஒரு புள்ளி,
சேமிக்கப்பட்டது, 9.52,
திருத்தியவர்: ஹுயென்.