காதுத் துண்டு

தேவாலா வளைவில் ஒரு லாரியை மறித்து நின்றதால்
லாரி என்றே பெயர் விழுந்தது அந்தக் காளைக்கு.
தேயிலை ஓரத்துப் புல்லும் பலாச்சக்கையும் தின்றே
ரெண்டே வயதில் நானூற்றுத் தொண்ணூறு கிலோ.
தொழிற்சாலை எடைமேடையை நம்பாமல்
இறக்கி மறுபடி ஏற்றினார் அந்தோணிராசு.

சித்திரையில் இடி விழுந்து செத்தது.
நான் போனபோது உடம்பில் சூடு இருந்தது.
காது நுனியில் நகமளவு அறுத்தெடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை.
பயிற்சியில் ஒரு படம் காட்டியிருந்தார்கள்:
ஒரே முகத்தோடு நாலு கன்றுகள்.

வடக்கே ஆய்வகத்துக்கு எழுதினேன்.
வந்த பதிலில் லட்சங்கள் இருந்தன.
நூறு கரு வைத்தால் சிலதுதான் தங்குமாம்,
தங்கியதும் சிலது
பெருத்துப் பிறந்து தொப்புளில் சாகுமாம்.

கறிக்கடை சைதலவி சிரித்தார்.
"சட்டியில வேகும்போது அசலா நகலான்னு எவன் கேப்பான்?
கிலோ என்ன விலை, அதச் சொல்லு."

நானும் ஒரு நகல்தான்.
அசல் திருப்பூரில் இருக்கிறாள், ஆறு நிமிடம் மூத்தவள்.
ஒரே கருவைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டோம்.
அவளுக்குப் பஞ்சுத்தூசியில் இளைப்பு,
எனக்கு ஏற்றம் ஏறி இறுகிய கெண்டைக்கால்.
புல்லையும் மழையையும் உண்ணிக்கடியையும்
காதுத் துண்டுக்குள் எப்படி அடைப்பது?

சாவதற்கு முன் லாரி ஏறிய பசுக்கள் ஏழு.
ஏழு கன்றில் ரெண்டு ஆட்டுக்குட்டி மாதிரி,
ஒன்று நொண்டி.
ஆனால் நெல்லியாளத்துக் கன்று, பின்னங்கால் வெள்ளை,
பதினாலு மாதத்தில்
அப்பனைவிடப் பதினெட்டு கிலோ கூட.
நகலெடுத்தால் அப்பனோடு நின்றிருக்கும்
அந்தப் பதினெட்டு கிலோ வந்திருக்காது
என்று நோட்டைத் திறந்து காட்டினேன்.

அந்தோணிராசு எண்ணைப் பார்க்கவே இல்லை.
"லாரிக்குக் கால் வெள்ளை கிடையாதே" என்றார்.

இடி விழாமல் இருந்தால்
ஆவணியில் அது கறிக்குப் போயிருக்கும்.
சைதலவியிடம் முன்பணமும் வாங்கியிருந்தார்.
திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்று
நான் கேட்கவில்லை.

செவ்வாய்தோறும் ஊட்டியிலிருந்து நைட்ரஜன் வண்டி வரும்.
கேனை நிரப்பும்போது நினைப்பேன்,
இன்றைக்கு அதை எடுத்து எறிந்துவிடலாம்.
புகை குளிராக மணிக்கட்டில் ஏறும்.
மூடிவிடுவேன்.

போன் அடிக்கிறது. சேரம்பாடியில் ஒரு பசு
விடியலிலிருந்து கத்துகிறதாம்.
ஸ்கூட்டியில் கேனைக் கட்டுகிறேன்.
மேடுபள்ளத்தில் வேறு காளைகளின் விந்துக்குச்சிகளோடு
லாரியின் காதும் குலுங்கி வருகிறது.