முட்டுக்கல்

புவைசேயில் மழை பெய்தால்
சாக்கடையும் தெருவும் ஒன்று.
அந்த ஒன்றுக்குள் விழுந்தது
சங்கிலிப் பூட்டின் சாவி.

விழுந்த சத்தம் கேட்டது. இடம் தெரியவில்லை.
முழங்கைவரை விட்டுத் துழாவினேன்.
ஒரு செருப்பு வந்தது, இடது கால்.
வளைந்த கரண்டி ஒன்று வந்தது.
மணி மூன்று இருபது.
நாலரைக்கு ஏரித்துறையில் மீன் ஏலம்.
நாகியான்சி முக்கில் நிற்பாள்
கூடையும் கோபமுமாக.

பஜாஜ் பாக்ஸர். பத்தொன்பது தவணை,
பதினொன்று கட்டியாயிற்று.
முன்சக்கரம் என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்,
டாங்கியில் பாதியும்.
மிச்சம் கம்பெனிக்காரனுடையது.
திருட்டுப் போனால் மட்டும்
முழுவதும் என்னுடையது.

அதனால்தான் சங்கிலி. அதனால்தான் டிஸ்க் பூட்டு.
அதற்கும் மேலே
மெக்கானிக் செபுலிபா ஒளித்துவைத்துத் தந்த சுவிட்சு:
அதைத் தட்டாமல் உதைத்தால்
வண்டி இருமும், கிளம்பாது.
இருக்குமிடம் அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.
மனைவி கேட்டாள். சொல்லவில்லை.
பிரசவத்துக்கு மசாகா போகும்வரை
வேகவைத்த வாழைக்காயில் உப்பே இல்லை.

ரம்பத்தை எடுத்தேன்.

இரும்பு அறுபடும் சத்தம்
மழை விட்ட தெருவில்
எவ்வளவு தூரம் போகும் என்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
முதலில் ஒரு தாழ்ப்பாள் விலகியது.
பிறகு அந்தச் சொல். முப்பி.
எங்கள் ஊரில் திருடனுக்கு அதுதான் பேர்;
ஒருமுறை கத்தினால் போதும்,
மற்றதைத் தெரு பார்த்துக்கொள்ளும்.

நானும் கத்தியிருக்கிறேன்,
போன வருஷம், சந்தையோரம்,
ஓடுகிறவன் முதுகைப் பார்த்து.
முகத்தைப் பார்க்கவில்லை.

"என் வண்டி" என்றேன்.
வேறென்ன சொல்வான் திருடன்?
குடிவந்து ஒன்பதே நாள்.
ஐந்து போன் வெளிச்சம் கண்ணுக்குள்.
தலைமூடியைக் கழற்று என்றார்கள்.
கழற்றக் கையைத் தூக்கினேன்,
கையில் ரம்பம்.
கூட்டம் ஓரடி பின்னால் போய்
ஈரடி முன்னால் வந்தது.

"காகிதம்?"
கம்பெனியில் இருக்கிறது.
"நம்பர்?"
சொன்னேன்.
"பலகையில் எழுதியிருக்கிறது, நானும் சொல்வேன்"
என்றான் ஒரு பையன்.
வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"அப்படியானால் கிளப்பு" என்றாள் நல்வெயிசோ,
தோளில் தூங்கும் பிள்ளையோடு.
"பேசாதே. கிளப்பு."

ஒரு கணம் நின்றேன்,
நம்புங்கள், அப்போதும் கணக்குத்தான் போட்டேன்:
உயிரா, சுவிட்சா.

குனிந்தேன். விரல் போன வழியிலேயே
ஐந்து வெளிச்சமும் வந்தன,
சீட்டுக்கு அடியில், பாட்டரிக்குப் பின்னால்,
சிவப்பு டேப் சுற்றிய அந்தச் சின்ன மூக்கு வரைக்கும்.
தட்டினேன். உதைத்தேன்.
ஒரே உதை.

சேற்றில் பொத்தென்று ஏதோ விழுந்தது.
தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.
முப்பி என்று முதலில் கத்திய குரல்
"ரம்பத்தைக் கொடு, நீ சங்கிலியைப் பிடி" என்றது.
அறுத்து முடிக்க நாலு நிமிஷம் ஆகவில்லை,
எனக்கு அதுவும் கவலையாக இருந்தது.

நாகியான்சி அன்று வாய் ஓயவில்லை:
நல்ல மீனெல்லாம் போயிற்று என்று
துறைவரை என் முதுகில் திட்டிக்கொண்டே வந்தாள்.
இனித்தது.

மத்தியானம் செபுலிபாவிடம் போனேன்.
"நேற்றுவரை இரண்டு பேருக்குத் தெரியும்,
இன்று ஒரு தெருவுக்கே" என்றேன்.
சிரித்துவிட்டு ஸ்பானரை எடுத்தான்.
சுவிட்சு இப்போது வேறிடத்தில்.

புதுச் சங்கிலி இன்னும் வாங்கவில்லை.
இரவில் பின்சக்கரத்துக்கு
ஒரு கல்லை முட்டுக் கொடுக்கிறேன்,
தேங்காயளவு, ஒருபக்கம் கூர்.
அன்று சேற்றில் கிடந்து பொறுக்கியது.
யார் கையில் இருந்தது என்று தெரியும்.
காலையில் போகும்போது
அவர் வணக்கம் சொல்கிறார்.
கல்லைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு
நானும் சொல்கிறேன்.