நூற்றுப்பதினேழு

ஞாயிறு இரண்டாம் பூசை முடிய
சக்கிறிஸ்தி அறைக்குள் மூன்று பேர்
காசு எண்ணுவோம்.
நான், றெக்ஸ் மாஸ்டர், சங்கக்கடை பெனடிற்.
மின்விசிறியை நிப்பாட்டிவிட்டுத்தான் எண்ணவேண்டும்,
இல்லாவிட்டால் இருபது ரூபாய்த் தாள்கள் பறந்துபோய்ப்
பூசை உடுப்புகளுக்குள் ஒளிந்துவிடும்.

வங்கியில் முப்பத்தொரு வருசம் எண்ணிய விரல் என்பதால்
என்னைப் பிடித்துப் போட்டார்கள்.
விசுவாசத்துக்காக இல்லை என்று
எனக்கும் தெரியும், சுவாமிக்கும் தெரியும்.
விசுவாசப் பிரமாணத்தில் எல்லா வரியும் எனக்கு
வழுக்கிக்கொண்டு போகும்,
சரீர உத்தானம் வரும்வரை.
என் தம்பியை அடக்க ஒரு சரீரம் கிடைக்கவில்லை.
அந்த இடத்தில் இருமுவேன்.
முப்பது வருசமாக எனக்கு அதே இடத்தில்தான் இருமல்.

இப்போது உறை முறை.
வீட்டுக்கொரு இலக்கம், மாதத்துக்கொரு உறை.
நூற்றுப்பதினேழு கொறற்றியினுடையது.
பாசையூர்க் கரையில் நண்டுக் கொம்பனியில்
ஓடு உடைத்துச் சதை எடுக்கிறவள்.
ஏழு மாதமாக உறை தவறாமல் வருகிறது.
சோற்றுப் பருக்கையால் ஒட்டி, விளிம்பு நீவி,
குண்டு குண்டாய்ப் பேரெழுதி.
உள்ளே ஒன்றுமில்லை.

முதல் மாதம், மறந்துவிட்டாள் என்றோம்.
இரண்டாம் மாதம் பெனடிற்
உறையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
மூன்றாம் மாதம் உள்ளே ஒரு மீன் செதில்,
காய்ந்து, கண்ணாடி மாதிரி.
அதை எந்தக் கணக்கில் போடுவது?

குண்டு வெடித்த அந்த உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு
கொஞ்சக் காலம் வாசலில்
பை திறந்து காட்டித்தான் கோயிலுக்குள் போனோம்.
வரிசையில் எனக்கு முன்னால் கொறற்றி.
அவளின் பைக்குள்ளே செபமாலை,
பாதி தின்ற தோடம்பழம், பனடோல் அட்டை,
நுண்கடன் புத்தகங்கள் மூன்று, மூன்று நிறத்தில்.
சோதித்த ஆமிப் பெடியன்
ஆபத்து ஒன்றுமில்லை என்று கை காட்டினான்.

விதவையின் இரண்டு செப்புக்காசு
வாசகத்தில் வந்த ஞாயிறு
சுவாமி நல்லாய்த்தான் பிரசங்கம் வைத்தார்.
நேரலைக் கமரா அவர் முகத்துக்குக் கிட்டப் போனது.
ரொறொன்ரோவில் ஆரோ
கைகூப்பிய படம் ஏழு அனுப்பியிருந்தார்கள்.
அந்த விதவையிடமாவது
இரண்டு இருந்தது.

அன்று பின்னேரமே பங்குப் பேரவை கூடியது.
புது மண்டபத்துக்குத் தரைக்கல் வரவேணும்.
"சந்தா கட்டாத ஆக்களின்ரை பேரைப் பலகையிலை போடுவம்.
செத்தவீடு, கலியாணம் எண்டால் மட்டும் ஓடி வருவினம்."
ஆரும் எதிர்க்கவில்லை.
சுவாமி கைபேசியைத் திருப்பி வைத்தார்.
அது சம்மதம் என்று குறிப்பேட்டில் ஏறியது.
பட்டியல் என் வேலை.

கேட்காமல் இருக்க முடியவில்லை.
மீன் சந்தைப் பக்கம் மறித்துக் கேட்டேன்:
"ஏன் பிள்ளை வெறும் உறை?"
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.
"உறை வராட்டில் என்ரை நம்பரை
வேறை ஆருக்கும் குடுத்திடுவியள் எண்டு சொல்லிச்சினம் அண்ணை."

அதற்கு மறைக்கல்வியில் மறுமொழி இல்லை.
என்னிடமும் இல்லை.
வீட்டுக்கு வந்து பட்டியலை அடித்தேன்.
ஒரு தரம் என் காசிலிருந்து ஐந்நூறு வைக்க நினைத்தேன்.
வைக்கவில்லை. ஏன் என்று
இன்னும் எனக்கு விளங்கவில்லை.
கணக்குப் பிழைக்கும் என்று பயந்தேன் போல.
117, கொறற்றி, பூச்சியம்.

பரிஸ் உபயகாரர் பேர் வெட்டிய கருங்கல்லுக்குப் பக்கத்தில்
ஒட்டினார்கள்.
சனம் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு போனது.
சிலர் மற்ற வாசலால் உள்ளே போனார்கள்.
கொறற்றி மட்டும் கிட்ட வந்து
நகத்தால் ஒவ்வொரு வரியாய்த் தடவி இறங்கி,
நின்று,
திரும்பினாள்.
முகம் முழுக்கச் சிரிப்பு.
"நம்பர் இருக்குத்தானே அண்ணை!"

"இருக்குது" என்றேன்.

பூசையில் விசுவாசப் பிரமாணத்துக்கு
எல்லோரும் எழும்பினார்கள்.
நான் இருந்துவிட்டேன்.
முழங்கால் நோ என்று
பக்கத்தில் நின்ற றெக்ஸ் மாஸ்டர் நினைத்திருப்பார்.
இரண்டு வாங்குக்கு முன்னால் அவளின் குரல்,
ஒரு சொல்லும் விடாமல்,
சரீர உத்தானத்தையும் சேர்த்து.